தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அறிமுக உயிரியல் பாடம்

கல்லூரிக்குள் நுழையும் மாணவருக்கு உயிருள்ளவற்றின் பொதுத் தன்மைகளைக் கற்பிக்கும் தொடக்கப் பாடம் அறிமுக உயிரியல் அல்லது பொது உயிரியல் எனப்படும். உயிரணு, திசு, உறுப்பு மண்டலங்கள், தாவர விலங்கு வகைப்பாடு, மரபியல், பரிணாமம், சூழலியல் ஆகியவற்றின் அடிப்படைகள் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் இப்பாடம் ஒரே பெயரில், ஒரே வகுப்பில் நிலைத்து நின்றதில்லை. இன்டர்மீடியட் வகுப்பிலும், பின்னர் வந்த புகுமுக வகுப்பிலும் 'இயற்கை அறிவியல்' என்ற பெயரில் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்த ஒரு பாடமாக இருந்தது. 1978க்குப் பின் அதன் பெரும்பகுதி மேல்நிலைப் பள்ளிக்கு மாறியது. இன்று இளநிலைப் பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் முதன்மைப் பாடமாகவும் துணைப்பாடமாகவும் பிரிந்து கிடக்கிறது.

இதன் வரலாற்றை ஒரு சிற்றூரிலிருந்து நோக்குவது பயன் தரும். கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள ரிஷிவந்தியம் நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளையும் வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். மேற்கே கல்வராயன் மலை. இவ்வூர் 1993 வரை பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019இல் புதிதாக அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. இத்தகைய ஊரில் வளரும் பிள்ளைக்குச் செடிகொடிகளும் பூச்சிபுழுக்களும் பாடம் தொடங்கும் முன்பே தெரியும். ஆனால் கல்லூரி உயிரியல் அந்தப் பிள்ளைக்குப் புரிய வேண்டுமானால் இரண்டு வந்துசேர வேண்டியிருந்தது. ஒன்று, தன் ஊரில் கிடைக்கும் உயிரினங்களைக் கொண்ட பாடம். மற்றொன்று, தன் மொழியிலுள்ள சொல். முதலாவது 1930களுக்குள் பெரும்பாலும் வந்துவிட்டது. இரண்டாவது வருவதற்கு மேலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் பிடித்தன; இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

பாடத்தின் தோற்றம்

'பயாலஜி' என்ற சொல்லை அதன் இன்றைய பொருளில் 1802ஆம் ஆண்டளவில் பிரான்சில் லாமார்க்கும் ஜெர்மனியில் திரெவிரானசும் தனித்தனியே வழங்கினர். ஆனால் அது ஒரு வகுப்பறைப் பாடமாக உருப்பெற்றது இங்கிலாந்தில், 1870களில். தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்ற அறிஞர் பள்ளி ஆசிரியர்களுக்கு நடத்திய ஆய்வுக்கூட வகுப்புகளே அதற்கு அடித்தளம். அவர் தம் மாணவர் மார்ட்டினுடன் சேர்ந்து 1875இல் ஒரு செய்முறை நூலை வெளியிட்டார். ஈஸ்ட், அமீபா, பெரணி, அவரையினச் செடி, ஐதரா, நன்னீர்ச் சிப்பி, நண்டினம், தவளை எனச் சில உயிரினங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு கூட்டத்தின் மாதிரியாக வைத்து முழுமையாகக் கற்பிப்பதே அந்நூலின் முறை. எல்லா உயிர்களையும் மேலோட்டமாகப் படிப்பதை விடச் சிலவற்றை அறுத்து, வரைந்து, நுண்ணோக்கியில் பார்த்துப் படிப்பது நல்லது என்பது அவர் கொள்கை.

இந்த 'மாதிரி உயிரி' முறைதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்திலும் வேரூன்றியது. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் தொடர்ந்து எப்.ஏ. வகுப்பு மறைந்து ஈராண்டு இன்டர்மீடியட் வகுப்பு வந்தது. பள்ளியிறுதி முடித்தவர் அங்கே இயற்பியல், வேதியியல், இயற்கை அறிவியல் ஆகியவற்றைச் சேர்த்துப் படிக்கலாம். மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் அதுவே வாயில்.

முறை நல்லதுதான். சிக்கல் மாதிரிகளில் இருந்தது. ஹக்ஸ்லியின் மாதிரிகள் இங்கிலாந்தின் குளத்திலும் தோட்டத்திலும் கிடைப்பவை. மண்புழுவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பாடநூல்கள் விவரித்தது லும்பிரிகஸ் என்ற ஐரோப்பிய இனம். அதன் உடலில் மோதிரம் போலத் தடித்திருக்கும் இனப்பெருக்க வளையம் 32ஆம் கண்டத்திலிருந்து 37ஆம் கண்டம் வரை இருக்கும். தமிழ்நாட்டு வயல் வரப்பில் கிடைக்கும் லாம்பிட்டோ மாரிட்டியை எடுத்து எண்ணினால் அந்த வளையம் 14 முதல் 17 வரையில் இருக்கும். ஆண் இனத்துளை லும்பிரிகசில் 15ஆம் கண்டத்தில். நம் மண்புழுவில் 18இல். புத்தகத்தை நம்புவதா, தட்டில் கிடக்கும் புழுவை நம்புவதா என்று மாணவன் தடுமாறுவான். தேர்வு நெருங்கும்போது பெரும்பாலோர் எதை நம்புவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தாவரப் பாடத்திலும் இதே நிலை. இலையுதிர்காலம், பனி, மரத்தின் ஆண்டு வளையம் எனக் குளிர்நாட்டுப் பருவங்களைக் கொண்டே பாடம் அமைந்திருந்தது. வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியாது. நம் மரங்கள் பல இலை உதிர்ப்பது குளிருக்கு அஞ்சி அல்ல, வறட்சிக்கு அஞ்சி.

உள்ளூர் உயிரினங்கள் பாடத்திற்குள் வருதல்

இந்நிலையை மாற்றியவர்களில் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பிலிப் பர்லி பைசன் முதன்மையானவர். 1912இல் அவர் இந்தியாவுக்கென்றே ஒரு தாவரவியல் பாடநூல் எழுதினார். பின்னாளில் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றிய பெருநூலையும் வெளியிட்டார். 1919இல் இந்தியத் தாவரவியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கியவரும் அவரே. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த கே. ரங்காச்சாரி 1916இல் இந்திய மாணவர்களுக்கான அடிப்படைத் தாவரவியல் கையேட்டை எழுதினார். தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921இல் அவர் வெளியிட்ட நூல் தாவரவியலார் நெடுங்காலம் கையாண்ட ஒன்று. எருக்கு, ஆவாரை, ஊமத்தை, பூவரசு, துத்தி என வழியோரத்துச் செடிகள் பூவின் பகுதிகளைக் காட்டும் மாதிரிகளாயின.

விலங்கியலில் லக்னோ பல்கலைக்கழகத்தின் கே. என். பால் இந்திய உயிரினங்களுக்கென ஒரு நூல் வரிசையைத் தொடங்கினார். அதில் இந்திய மண்புழுவான பெரிடிமா பற்றிய நூல் 1926இல் வந்தது. சென்னை மாகாணத்தில் எம். ஏகாம்பரநாத ஐயரின் விலங்கியல் கையேடு தலைமுறை தலைமுறையாக மாணவர்களின் கையில் இருந்தது. குளத்தில் வாழும் பச்சைத் தவளையான ரானா ஹெக்சாடாக்டைலா, வீட்டுக் கரப்பான் பூச்சி, இறால், நத்தை ஆகியவை சென்னைப் பல்கலைக்கழகப் பகுதியின் நிலையான மாதிரிகளாயின. கடல் உயிரினங்களுக்கு மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவு துணைநின்றது. பின்னர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் ஆர். வி. சேஷய்யாவின் முயற்சியால் பரங்கிப்பேட்டையில் வளர்ந்தது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றில் கலந்து கடலைச் சேரும் இடமும் பரங்கிப்பேட்டையே.

சென்னையில் இக்காலத்தில் நடந்த பணி பாடம் கற்பித்தலோடு நிற்கவில்லை. மா. ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் 1932இல் ஈர மண்ணில் வளரும் ஒரு புதிய பாசியை விவரித்து, தம் ஆசிரியர் பிரிட்சின் நினைவாகப் பிரிட்சியெல்லா டியூபரோசா எனப் பெயரிட்டார். நீரில் வாழ்ந்த பாசிகளிலிருந்து நிலத் தாவரங்கள் தோன்றியதைப் பற்றிப் பேசும் பாடநூல்களில் அது உலகெங்கும் இடம்பெற்றது. இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற ஜானகி அம்மாள் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்துவிட்டு மிச்சிகன் சென்று, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். கரும்பின் குரோமோசோம்களைப் பற்றிக் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அவர் செய்த ஆய்வு புகழ்பெற்றது.

ஆக, உயிரினங்கள் ஊருக்கு வந்துவிட்டன. ஆனால் ஊமத்தைப் பூவை விவரிக்கும் சொற்கள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே இருந்தன.

யாழ்ப்பாணத்தில் ஒரு முன்னோடி

தமிழில் இத்தகைய பாடத்தை நடத்த முடியுமா என்ற கேள்வி சென்னையில் எழுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் அதற்கு விடை கிடைத்திருந்தது. அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்தார். 1848 முதல் உள்ளூர் மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகளை 1860களில் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலை தேடி ஊரை விட்டுச் செல்கிறார்கள், தமிழில் படித்தவர்களே தம் ஊர் மக்களிடையே தங்கி மருத்துவம் செய்வார்கள் என்பது அவர் கணிப்பு.

அவரும் அவருடைய மாணவர்களும் உடற்கூறு, உடலியங்கியல், அறுவை மருத்துவம், மகப்பேறு, வேதியியல் எனத் தமிழில் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் அச்சிட்டனர். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்' என்பன அவற்றுள் சில. அங்காதிபாதம் என்றால் உடற்கூற்றியல். சுகரணம் என்றால் உடலியங்கியல். இச்சொற்கள் நிலைக்கவில்லை. ஆயினும் முறை நிலைத்தது: முதலில் தமிழிலுள்ள சொல்லைத் தேடுவது, கிடைக்காவிடில் வடமொழியை நாடுவது, அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது. பின்வந்த சொல்லாக்கக் குழுக்கள் அனைத்தும் இம்மூன்று வழிகளில் எதற்கு முதலிடம் என்பதைப் பற்றியே வாதிட்டன. கிறீன் 1873இல் அமெரிக்கா திரும்பி 1884இல் மறைந்தார். தாம் தமிழர்களுக்கு மருத்துவராக இருந்ததைத் தம் கல்லறையில் பொறிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

சொல் தேடியவர்கள்

தமிழ்நாட்டில் இப்பணி கல்லூரிகளுக்கு வெளியேதான் தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது. கல்வராயன் மலையின் மறுபக்கத்தில் உள்ள சேலத்தில், அப்போது வழக்கறிஞராக இருந்த இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து 1916இல் தமிழ்ச் சாஸ்திரிய பரிபாஷைச் சங்கத்தை நிறுவினர். அறிவியல் சொற்களுக்குத் தமிழ் இணைகளை உருவாக்கி இதழாக வெளியிட்டனர். தமிழ்ச் சொற்களைப் பற்றிய அந்த இதழே ஆங்கிலத்தில் வெளிவந்தது என்பது அக்காலத்தின் நிலையைக் காட்டும்.

1930களில் அரசு வெளியிட்ட சொற்பட்டியல் வடமொழி மிகுந்தது என்ற மனக்குறை எழுந்தது. 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இதற்கு மாற்றாக ஒரு முயற்சியை மேற்கொண்டது. இ. மு. சுப்பிரமணிய பிள்ளை அதன் உந்துவிசை. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விபுலாநந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடியது. தாவரவியல், விலங்கியல், உடலியல் உள்ளிட்ட பல துறைகளுக்கான சுமார் 10,000 சொற்கள் அடங்கிய 'கலைச்சொற்கள்' நூல் 1938இல் வெளிவந்தது. ஆசிரியர்களும் தமிழறிஞர்களும் ஊதியம் பெறாமல் செய்த வேலை இது.

உயிரியலில் தமிழுக்குக் கையிருப்பு மிகுதி என்பதை இப்பணி வெளிப்படுத்தியது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுக்கிறது. வெளிப்புறம் வயிரம் பாய்ந்த பனை, தெங்கு போன்றவற்றைப் புல் என்றும் உட்புறம் வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரங்களின் தண்டை அறுத்துப் பார்க்கும் மாணவர் இன்று காணும் வேறுபாட்டுக்கு இது மிக அருகில் நிற்கிறது. பூவுக்கு அல்லியும் புல்லியும், மகரந்தமும் சூலும் ஏற்கெனவே வழக்கில் இருந்தன. அவற்றிலிருந்து அல்லிவட்டம், புல்லிவட்டம், மகரந்தத்தாள், சூலகம், சூல்தண்டு, சூல்முடி எனச் சொற்கள் எளிதில் கிளைத்தன. உயிரணுவுக்குள் இருப்பவற்றுக்குத்தான் சொல் கிடைப்பது அரிதாயிற்று. வெறும் கண்ணுக்குத் தெரியாததற்கு வயலில் பெயர் இருக்க வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. மாணவர் அஞ்சி மனப்பாடம் செய்யும் இலத்தீன் பெயர்களுக்குள்ளேயே நம் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. முருங்கையின் பேரினப் பெயர் மொரிங்கா, புங்கத்தினது பொங்காமியா, வெட்டிவேருக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் வெட்டிவேரியா. இதனை முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஆசிரியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இலங்கையில் சொல்லாக்கம் வேறு பாதையில் சென்றது. அங்கே செல் என்பது கலம்; திசு இழையம்; ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு; குரோமோசோம் நிறமூர்த்தம்; மைட்டோகாண்ட்ரியா இழைமணி. அங்குள்ள மாணவர்கள் உயர்தர வகுப்பு உயிரியலை இச்சொற்களிலேயே படித்துத் தேர்வெழுதுகின்றனர். இணையத்தில் தமிழ்க் கட்டுரைகளைத் தேடும் தமிழ்நாட்டு மாணவர் இரு வழக்குகளும் இருப்பதை அறிந்திருப்பது நல்லது. இல்லையேல் கலம் என்றால் பாத்திரம் என்றே எண்ணுவார்.

புகுமுக வகுப்பு

1956இல் இன்டர்மீடியட் நீங்கி, ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூவாண்டுப் பட்டப்படிப்பும் நடைமுறைக்கு வந்தன. பதினோராம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்த சிற்றூர் மாணவர் ஒரே ஆண்டில் ஆங்கிலத்தில் இயற்பியல், வேதியியல், இயற்கை அறிவியல் மூன்றையும் கற்றுத் தேர வேண்டும். முன்பு இரண்டு ஆண்டுகளில் பழகிக்கொண்டதை இப்போது ஒன்பது மாதங்களில் பழக வேண்டும். 'பி.யு.சி.யில் போனவன்' என்பது அக்கால ஊர்ப்புறங்களில் ஒரு வகைப் பட்டமாகவே இருந்தது. ஊமத்தையை ஒடித்துக் கொண்டுவரச் சொன்னால் முதலில் கொண்டுவருபவன், அதன் பூவைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதத் தெரியாமல் தோற்றான். அது உயிரியலில் அடைந்த தோல்வி என்றே மதிப்பெண் பட்டியலில் பதிவாயிற்று.

அதே காலத்தில் அரசுக் கல்லூரிகள் மாவட்டத்தின் உட்பகுதிகளுக்கு வரத் தொடங்கின. தென்னார்க்காட்டில் கடலூர், விருத்தாசலம், விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களில் 1960களில் அரசு கலைக் கல்லூரிகள் தோன்றின. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 முதலே இருந்தது. ரிஷிவந்தியம் பகுதி மாணவருக்கு இவை அனைத்துமே விடுதியில் தங்கிப் படிக்க வேண்டிய தொலைவு. எனினும் சென்னையை விட அருகு.

கல்லூரியில் தமிழ்வழிக் கல்வி 1960இல் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் கலைப் பாடங்களோடு தொடங்கியது. அறிவியல் பின்னர் வந்தது. 1960களின் பிற்பகுதியில் புகுமுக வகுப்பிலும், அதனைத் தொடர்ந்து பட்ட வகுப்பிலும் அறிவியல் பாடங்களுக்குத் தமிழ்வழிப் பிரிவுகள் உருவாயின. மாநில மொழிகளில் பல்கலைக்கழக நூல்களை ஆக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கோடி ரூபாய் வழங்கும் திட்டத்தை நடுவண் அரசு 1968இல் அறிவித்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அதனைக் கொண்டு கல்லூரிப் பேராசிரியர்களை எழுதச் செய்து, தாவரவியல், விலங்கியல் உள்ளிட்ட துறைகளில் ஏராளமான நூல்களை வெளியிட்டது. அதற்கு முன்பே பெரியசாமித் தூரன் பதிப்பித்த 'கலைக்களஞ்சியம்' 1954 முதல் தொகுதி தொகுதியாக வந்து, உயிரியல் கட்டுரைகளுக்கு ஒரு நடையை உருவாக்கித் தந்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்த 'கலைக்கதிர்' இதழும் அந்நடையைப் பழக்கியது.

தமிழ்வழி கட்டாயமாகவில்லை. அதனை முழுமையாக்கும் முயற்சிக்கு 1970இல் எதிர்ப்பு எழுந்தது; விருப்பத் தேர்வாகவே நின்றது. எதிர்த்த மாணவர்களைக் குறைகூறி முடித்துவிட முடியாது. மருத்துவக் கல்லூரியும் முதுநிலை வகுப்பும் ஆங்கிலத்திலேயே இருக்கும்போது, முதலாண்டை மட்டும் தமிழில் படித்தவன் எங்கே போவான் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. அக்கேள்விக்கு அன்று தெளிவான விடை அளிக்கப்படவில்லை. வேலைவாய்ப்பில் ஒரு பகுதி விடை 2010இல் வந்தது: தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டு இயற்றப்பட்டது.

பள்ளிக்கு மாறிய பாடம்

1978இல் புகுமுக வகுப்பு நீக்கப்பட்டு, பள்ளிகளில் 11, 12ஆம் வகுப்புகள் அடங்கிய மேல்நிலைப் படிப்பு தொடங்கியது. முதல் பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. உயிரியல் வரலாற்றில் இது பெரிய மாற்றம். அதுவரை கல்லூரி வாசலில் இருந்த அறிமுகப் பாடம் வட்டத் தலைநகர்களுக்கும், பின்னர் பேரூர்களுக்கும் வந்தது, தமிழிலும் வந்தது. ஒரு பெண் பிள்ளை விடுதிக்குப் போகாமல், வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று விலங்கியலும் தாவரவியலும் படிக்க முடிந்தது. இம்மாற்றத்தின் பலனை அதிகம் பெற்றவர்கள் பெண்களே எனலாம்.

இழப்பும் இருந்தது. கல்லூரியில் தனி ஆய்வுக்கூடமும் உதவியாளரும் நுண்ணோக்கிகளும் இருந்தன. பல மேல்நிலைப் பள்ளிகளில் ஒரே அறையே மூன்று பாடங்களுக்கும் ஆய்வுக்கூடமாயிற்று. நுண்ணோக்கி ஒன்றிருந்தால், வகுப்பு முழுவதும் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் பார்த்துவிட்டு நகர வேண்டும். அதனால் படம் வரைவது புத்தகத்தைப் பார்த்தே நடந்தது. ஹக்ஸ்லி எந்தப் பழக்கத்தை ஒழிக்க எண்ணினாரோ அது பின்கதவு வழியாகத் திரும்பி வந்தது.

தவளை அறுப்பு இப்பாடத்தின் அடையாளமாக நெடுங்காலம் இருந்தது. மெழுகு ஊற்றிய தட்டு, குண்டூசிகள், குளோரோபார்ம் நெடி, செய்முறைத் தேர்வன்று நரம்பு அறுந்துவிடுமோ என்ற நடுக்கம் ஆகியவை பழைய மாணவர்களின் நினைவில் இன்றும் உள்ளன. தவளைகள் குறைந்து பூச்சிகள் பெருகுவதாகக் கவலை எழுந்ததால், 1987இல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. பல்கலைக்கழக மானியக்குழு 2011இல் உயிரின அறுப்பைக் குறைக்கவும், 2014இல் விலங்கியல் பட்டப்படிப்புகளில் அதனை நிறுத்தவும் அறிவுறுத்தியது. இப்போது படங்களும் கணினிக் காட்சிகளும் அவ்விடத்தில் உள்ளன.

தாவரவியல் செய்முறைக்கு இத்தகைய தடை இல்லை; செலவும் இல்லை. ஒருவித்திலைத் தண்டுக்கு மக்காச்சோளம், இருவித்திலைத் தண்டுக்குச் சூரியகாந்தி என்பது நெடுநாளைய வழக்கம். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மக்காச்சோளத் தண்டைத் தேடிச் செல்ல வேண்டியதே இல்லை. குளத்து வேலம்பாசியைக் கண்ணாடிப் புனலின் கீழ் வைத்து வெயிலில் நிறுத்தினால், ஒளிச்சேர்க்கையில் வெளிப்படும் ஆக்சிசன் குமிழ்களை எண்ணலாம். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் இராபினட் உலர்தாவரகத்தைச் சேர்ந்த அருட்தந்தை கே. எம். மேத்யூ 1981 முதல் 1983 வரை வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரங்கள் பற்றிய மூன்று தொகுதிகளில், கல்வராயன் மலையில் திரட்டப்பட்ட செடிகளும் முறையாகப் பதிவாகியுள்ளன. ரிஷிவந்தியத்திலிருந்து மலைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர் கூட்டம் பார்க்கும் மரங்களை அடையாளம் காண இன்றும் அதுவே அடிப்படை நூல்.

49 வினாக்கள்

சொல் என்பது வெறும் மொழிப்பற்றுச் செய்தி அன்று என்பதை 2018இல் நடந்த மருத்துவ நுழைவுத் தேர்வு காட்டியது. அவ்வாண்டு மே 6ஆம் நாள் நடந்த நீட் தேர்வைத் தமிழ்நாட்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழில் எழுதினர். மொத்தம் 180 வினாக்களில் 49 வினாக்களின் தமிழாக்கம் பிழையானது என வழக்குத் தொடரப்பட்டது. வேகத்திற்குப் பெயர்பெற்ற சீட்டா என்ற விலங்கு வினாத்தாளில் 'சீத்தா' என அச்சாகியிருந்தது. சீத்தா என்றால் தமிழ் மாணவருக்கு நினைவில் வருவது ஒரு பழம். 'சிறுத்தை என்று இருந்திருக்க வேண்டும்' என அப்போது பலரும் எழுதினர். உண்மையில் அதுவும் சரியன்று: சிறுத்தை வேறு விலங்கு, சீட்டாவுக்குத் தமிழில் சிவிங்கிப்புலி என்ற பெயர் உண்டு. பிழையைத் திருத்தியவர்களுக்கே சொல் தெரியாதிருந்தது என்பதே இதில் வருந்தத்தக்கது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலையில், தமிழில் எழுதியவர்களுக்கு வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் அதற்கு இடைக்காலத் தடை விதித்து, நவம்பரில் அத்தீர்ப்பை நீக்கியது. ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே இறுதியானது என்ற விதி தேர்வில் இருந்தது. அதாவது, தமிழில் தேர்வெழுதுபவரும் ஆங்கிலச் சொல்லை அறிந்திருக்க வேண்டும்.

இன்றைய நிலை

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. மாவட்டத்துக்குள்ளேயே அரசு கலை அறிவியல் கல்லூரிகள் உள்ளன. இப்பகுதிக் கல்லூரிகள் 2002 வரை சென்னைப் பல்கலைக்கழகத்துடனும், பின்னர் வேலூரிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடனும் இணைந்திருந்து, 2021 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தொலைவு என்ற தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது.

சொல்லின் தடை இடம் மாறியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை பசுங்கணிகம், மகரந்தச் சேர்க்கை, நாளமில்லாச் சுரப்பி எனப் படித்துவிட்டு வந்த மாணவி கல்லூரி முதலாண்டில் குளோரோபிளாஸ்ட், பாலினேஷன், எண்டோகிரைன் என்று கேட்கும்போது, தெரிந்த ஒன்றைத் தெரியாததாக எண்ணி விடுகிறாள். வகுப்பில் கை தூக்குவது நின்றுவிடுகிறது. நல்ல ஆசிரியர்கள் முதல் சில வாரங்களுக்குக் கரும்பலகையை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லுமாக எழுதுகின்றனர். பாடத்திட்டத்தில் இதற்கென நேரம் எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. அவரவர் முயற்சியால் நடப்பது இது.

1970களில் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட கல்லூரி நூல்கள் பல இப்போது மின்னூல்களாக இணையத்தில் கிடைக்கின்றன. பூவின் அமைப்புக்கும் மண்புழுவின் உள்ளுறுப்புகளுக்கும் அவற்றை இன்றும் நம்பிப் படிக்கலாம். ஆனால் அவற்றில் பச்சைத் தவளை இன்னும் ரானா ஹெக்சாடாக்டைலா. அறிவியல் உலகில் அது யூப்லிக்டிஸ் ஹெக்சாடாக்டைலஸ் ஆகிப் பல ஆண்டுகள் ஆயின. மரபணு வரிசையறிதல், பி.சி.ஆர். முறை ஆகியன அந்நூல்கள் எழுதப்பட்டபோது கல்லூரிப் பாடத்துக்கு வந்திராதவை. அந்தப் பக்கங்கள் இனித்தான் எழுதப்பட வேண்டும்.